சேலத்து எஃகைத் தேடிய ஹீத் துரை



பரிசளிப்பு விழா மலர் என்றால் அதில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு இருக்கத்தான் வேண்டும். காந்தியடிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள், பாரதியாரைப் பற்றியும் படித்திருப்பீர்கள். இந்த முறை ஒரு வெள்ளைக்காரத் துரையைப் பற்றி எழுதுகிறேன். துரைமார்களைத் தோட்டத்தில் பார்த்தது போதாதா, மலரிலும் வேண்டுமா என்று செராஸ் வட்டாரத்துப் பெரியவர்கள் சிரிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். இந்தத் துரையின் கதை நம்ம சேலத்துக் கதை.

என் பாட்டனார் சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பால் மரம் வெட்டிப் பிழைத்தவர். அவர் சாயங்கால நேரத்தில் லயத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு, எங்க ஊர் மலையில் காந்தத்தைக் காட்டினால் மண்ணே ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வார். நாங்கள் பிள்ளைகள் கேலி செய்வோம். ஊரை விட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் அவரவர் ஊர் மண் பொன்தானே என்று நினைத்துக்கொள்வோம். வெகு காலம் கழித்து, ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயரின் வரலாற்றைப் படித்தபோதுதான் கிழவர் சொன்னது அத்தனையும் மெய் என்று தெரிந்தது. இரும்புத் தொழிலின் வரலாறு படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த பெயர் அது. நம் பிள்ளைகளுக்கும் தெரியட்டுமே.

கதைக்குள் போகுமுன் ஒரு விஷயம். தொழில் ரகசியம் என்பது ஊர் விட்டு ஊர் போகிற சரக்கு. நமக்கே தெரிந்த உதாரணம் ரப்பர். 1876-ல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. செராஸ் சாலையோரம் ஒரு காலத்தில் நின்ற பால் மரங்களுக்கெல்லாம் பூர்வீகம் அதுதான். விக்கம் செய்தது களவா, வியாபாரமா என்று இன்னமும் வாதாடுகிறார்கள். விதையைக் கோணியில் கட்டிக்கொண்டு போகலாம். கைவேலையை எப்படிக் கொண்டுபோவது? அதைக் கண்ணால் பார்த்துத்தான் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் வேலை தெரிந்த ஆளையே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஐரோப்பாவில் இந்த வேலை வெகு மும்முரமாக நடந்தது. சுவீடன் நாட்டார் ஆள் அனுப்பி இங்கிலாந்துக் கொல்லுலைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலாந்துத் தொழிலாளிகளை ஆசை காட்டி அழைத்துக்கொண்டார்கள். பொறுக்காத இங்கிலாந்து அரசு 1719-ல் ஒரு சட்டமே போட்டது. இரும்பு, எஃகு, கம்பளி, கடிகார வேலை தெரிந்தவர்களை வெளிநாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனால் தண்டனை. 1824 வரைக்கும் அந்தச் சட்டம் இருந்தது. அதற்கு அப்புறமும் ஒளிந்து பார்ப்பது நிற்கவில்லை. ஜெர்மனியில் பிற்காலத்தில் பீரங்கி செய்து பெயர் பெற்ற ஆல்ஃபிரட் குரூப், 1838-ல் ஷிராப் என்று பெயரை மாற்றி வைத்துக்கொண்டு இங்கிலாந்துப் பட்டறைகளைச் சுற்றிப் பார்த்தவர்.

இதில் பேர்போன கதை ஷெப்பீல்டு நகரத்துக் கதை. பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் 1740-களில் அந்த நகரத்துக்குப் பக்கத்தில் மண் மூசையில் எஃகை உருக்கும் முறையைக் கண்டுபிடித்தார். மூசை என்றால் தட்டார் பொன் உருக்க வைத்திருப்பார்களே, அதே மாதிரி மண் பாத்திரம், அளவில் பெரிசு. ஹண்ட்ஸ்மன் ரகசியத்தை யாருக்கும் சொல்லவில்லை. பனி கொட்டிய ஓர் இரவில் கந்தல் கட்டிய பிச்சைக்காரன் ஒருவன் குளிர் காய இடம் கேட்டு அவர் பட்டறைக்கு வந்தானாம். வேலையாட்கள் இரக்கப்பட்டு உலைப் பக்கத்தில் படுக்க விட்டார்களாம். அவன் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். அவன் பிச்சைக்காரனே அல்ல, சாமுவேல் வாக்கர் என்ற போட்டி முதலாளி. இது வழிவழியாகச் சொல்கிற கதை. உண்மை எவ்வளவோ, கட்டியது எவ்வளவோ. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பது மட்டும் இதில் நன்றாகத் தெரிகிறது.

இப்போது சேலத்துக்கு வருவோம்.

ஷெப்பீல்டில் ஹண்ட்ஸ்மன் மூசை வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் கொல்லர்கள் மூசையில் எஃகு செய்து வந்தார்கள். அந்தக் கட்டி எஃகு அரபு நாட்டுக்கும் பாரசீகத்துக்கும் போயிற்று. மேல்நாட்டார் அதற்கு ஊட்ஸ் என்று பேர் வைத்தார்கள். உக்கு என்ற கன்னடச் சொல்லும் நம் உருக்கு என்ற சொல்லும் அவர்கள் நாக்கில் அப்படித் திரிந்ததாகச் சொல்வார்கள். 1794-ல் பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலனஸ் ஸ்காட் என்பவர் இந்தக் கட்டிகளில் சிலவற்றை லண்டனுக்கு அனுப்பினார். அங்கே பெரிய பரபரப்பு. 1795-ல் ஜார்ஜ் பியர்சன் அதைச் சோதித்து எழுதினார். மின்சாரத்துக்குப் பேர்போன மைக்கேல் ஃபாரடே இருக்கிறாரே, அவரும் விடவில்லை. அவர் ஒரு கொல்லரின் மகன்தான். 1819 முதல் சில ஆண்டுகள் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரியோடு சேர்ந்து இந்திய எஃகு ஏன் இவ்வளவு உறுதி என்று ஆராய்ந்தார். அலுமினியம் கலந்திருப்பதுதான் காரணம் என்று நினைத்தார். அது தவறு. ஆனாலும் வெள்ளியைக் கலந்தும் பிளாட்டினத்தைக் கலந்தும் அவர் செய்து பார்த்த சோதனைகள் பிற்காலத்துக் கலப்பு எஃகுகளுக்கு வழி காட்டின. ஃபாரடே மாதிரி ஒரு மேதை லண்டனில் உட்கார்ந்து கட்டியை உடைத்து உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்கிறவனை நேரில் போய்ப் பார்த்தால் என்ன என்று கிளம்பியவர்தான் ஹீத்.

ஜோசையா மார்ஷல் ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகஸ்தர். சேலம், கோயம்புத்தூர் பக்கத்தில் கம்பெனியின் வர்த்தக அதிகாரியாக இருந்தார். துணி, பருத்தி இவற்றைப் பார்த்துக்கொள்கிற வேலை. சம்பளத்தை வாங்கிக்கொண்டு மாலையில் குதிரையேறிப் போய்க்கொண்டிருந்தால் அவருக்கும் ஒரு குறையும் வந்திருக்காது. மனிதருக்கு ஆராய்ச்சிப் புத்தி. பறவைகளைச் சேகரிப்பதிலும் ஆசை உண்டு. கஞ்சமலை போன்ற மலைகளில் காந்தச் சக்தியுள்ள இரும்புத் தாது குவிந்து கிடப்பதையும், அடிவாரத்துக் கொல்லர்கள் ஆள் உயரம்கூட இல்லாத உலையில் அதை உருக்குவதையும் பார்த்தார். பார்த்தவர் பார்த்தவர்தான், பிறகு ஆயுசு முழுக்க இரும்புதான்.

அவர் பார்த்தது என்ன? அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். நம் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் எத்தனையோ உலைகளின் படத்தைப் பார்க்கிறார்கள், இந்த உலையை யாரும் காட்டுவதில்லை.

தாதுவில் ஏறத்தாழ பாதி இரும்புப் பொருள், பாதி வெங்கச்சாங்கல். அதைப் பொடியாக இடித்து, அரிசியைப் புடைப்பது போலப் புடைத்தோ, ஓடுகிற தண்ணீரில் கழுவியோ கல்லைப் போக்கிவிடுவார்கள். உலை மூன்றடி முதல் ஐந்தடி உயரம். செம்மண் குழைத்துக் கட்டியது. இரண்டு பேர் சில மணி நேரத்தில் கட்டிவிடுவார்கள். மறுநாளே உலை வேலைக்குத் தயார். ஆட்டுத்தோல் துருத்தி இரண்டு, அதற்கு மூங்கில் மூக்கு, அந்த மூக்கின் நுனியில் களிமண் குழாய். அவ்வளவுதான் இயந்திரம். கரியும் தாதுவும் மாற்றி மாற்றிப் போட்டு மூன்று நான்கு மணி நேரம் ஊதினால் இரும்பு அடியில் கட்டியாகச் சேரும். முன்பக்கத்தை உடைத்து இடுக்கியால் எடுத்து, மரச் சம்மட்டியால் தட்டி, கோடரியால் பாதி பிளந்து வைப்பார்கள். வாங்குகிறவன் உள்ளே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான்.

இது இரும்பு. எஃகு வேலை இனிமேல்தான். அந்த இரும்பைச் சின்னத் துண்டுகளாக வெட்டி மண் மூசையில் போடுவார்கள். கூடவே ஆவாரங்கட்டையைக் காயவைத்துக் கொத்தி, இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு போடுவார்கள். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. பிறகு குழைத்த களிமண்ணால் வாயை இறுக அடைத்துவிடுவார்கள். காற்றுப் புகக்கூடாது. இப்படி இருபது இருபத்துநான்கு மூசைகளை உலைக்குள் வளைவாக அடுக்கி, மேலே கரி கொட்டி, சுமார் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறவிட்டு மூசையை உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி, மூசையின் அடி எப்படியோ அதே வடிவத்தில் இருக்கும். மேல் பக்கத்தில் நடுவிலிருந்து நாலு பக்கமும் கதிர் கதிராகக் கோடு ஓடினால் சரக்கு நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிள்ளையார் கோயிலுக்குப் போகும் வழியில் கிள்ளிக்கொண்டு போவோமே, அந்த எருக்கு! மஞ்சள் பூப் பூக்குமே, அந்த ஆவாரை! இலையும் கட்டையும் மூடிய மூசைக்குள் கரியாகி, ஆவியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறுகிறது. இரும்பில் கொஞ்சம் கரி ஏறினால் அது எஃகு. அந்தக் காலத்தில் ஷெப்பீல்டில் இதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? இரும்புப் பட்டைகளைக் கரிக்குள் புதைத்து நாள்கணக்கில், ஒரு வாரத்துக்கும் மேல்கூடச் சூடாக்கி, அதற்கு அப்புறம் மூசையில் உருக்கினார்கள். இரண்டரை மணி நேரம் எங்கே, ஒரு வாரம் எங்கே!

ஹீத் அசந்துபோனார். மூசையில் இரும்போடு கரியைச் சேர்த்து உருக்குவதற்கு டேவிட் மஷெட் என்பவர் 1800-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியிருந்தார். காப்புரிமை என்றால், இதைக் கண்டுபிடித்தவன் நான், இத்தனை ஆண்டுக்கு என் சம்மதம் இல்லாமல் வேறு யாரும் செய்யக்கூடாது என்று அரசாங்கம் கொடுக்கிற முத்திரைப் பத்திரம். கரியுள்ள வாயுவால் இரும்பை எஃகாக்குவதற்கு 1825-ல் சார்லஸ் மாக்கின்டாஷ் காப்புரிமை வாங்கினார். மழைக்கோட்டுக்குப் பேர் கொடுத்தவர் அவர்தான். இந்த இரண்டு பேரின் கண்டுபிடிப்பும் சேலத்துக் கொல்லனின் ஒரே மூசைக்குள் சேர்ந்து கிடக்கிறது என்பதை ஹீத் கண்டார், கண்டதை எழுதியும் வைத்தார். எகிப்து நாட்டுக் கருங்கல் தூண்களைச் செதுக்கிய உளிகூட இந்திய எஃகாகத்தான் இருக்க வேண்டும் என்றும் எழுதினார். அது பிரியத்தில் சொன்ன வார்த்தை. எகிப்தியர் கல்லையும் மணலையும் செம்பையும் கொண்டே அந்த வேலையைச் செய்தார்கள் என்று இப்போது தெரிகிறது. நம்மைப் புகழ்கிறார் என்பதற்காக எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. புகழாமலே பெருமை இருக்கிறது. பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த கிருஷ்ணகிரிப் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பொருள்களின் காலம் கி.மு. 2172 வரை போவதாக 2022-ல் தமிழக அரசு அறிவித்தது.

கொல்லர்கள் ஹீத்துக்கு இதையெல்லாம் ஏன் காட்டினார்கள் என்று நான் யோசித்ததுண்டு. ஷெப்பீல்டில் ஒருவன் பிச்சைக்காரன் வேஷம் கட்ட வேண்டியிருந்தது. இங்கே துரைக்கு வேஷமே வேண்டியதில்லை, துரை என்பதே போதும். கம்பெனி அதிகாரி வந்து நின்று காட்டு என்றால், மாட்டேன் என்று சொல்லக்கூடிய கொல்லன் அந்தக் காலத்தில் உண்டா? தோட்டத்தில் பெரட்டுக்கு நின்றவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

1825-ல் ஹீத் கம்பெனி உத்தியோகத்தை விட்டார். ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் தனியுரிமையைச் சென்னை அரசாங்கத்திடம் கேட்டு வாங்கினார். இங்கிலாந்துக்குப் போய் அந்தத் தொழிலைப் பார்த்துப் படித்து, இயந்திரங்களோடு திரும்பி வந்து, 1830-ல் தென்னார்க்காட்டுக் கடற்கரையில், சிதம்பரத்துக்குப் பக்கத்தில், பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். வெள்ளாறு கடலில் கலக்கிற இடம். நம் செராஸில் தென்னார்க்காடு என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. உங்கள் முன்னோர் ஊரில்தான் இந்தியாவில் ஐரோப்பிய முறையில் எழுந்த முதல் இரும்பாலைகளில் ஒன்று இருந்தது. 1833-ல் அது கூட்டுப் பங்குக் கம்பெனியாக மாறிற்று. மலையாளக் கரையில் பேப்பூரிலும் ஒரு கிளை எழுந்தது. பரங்கிப்பேட்டை இரும்பு கப்பலேறி ஷெப்பீல்டுக்கே போயிற்று, அங்கே அதை எஃகாக்கினார்கள்.

ஆலை பெரிசு, லாபம் சிறிசு. பெரிய உலைக்கு நிலக்கரி இல்லை, மரக்கரிதான். சின்னக் கொல்லுலைக்குச் சுற்றுவட்டாரத்துச் சுள்ளி போதும். பெரிய உலையோ காட்டையே தின்றது. பக்கத்துக் காடு தீர்ந்ததும் கரிக்காகத் தொலைதூரம் போக வேண்டியதாயிற்று. தாதுவும் சேலத்து மலைகளிலிருந்து நெடுந்தூரம் வர வேண்டும். அரசாங்கத்திடம் கடன் வாங்கி, மேலும் வாங்கி ஓட்டினார்கள். சின்ன அளவில் நன்றாக நடந்த தொழிலை அதே முறையில் பெரிசாக்கினால் எல்லாம் பெருகும் என்று ஹீத் நினைத்துவிட்டார். பெருகியது செலவுதான்.

ஆனால் மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பி ஷெப்பீல்டில் எஃகு ஆராய்ச்சியில் இறங்கினார். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு தீராத தொல்லை இருந்தது. இங்கிலாந்து இரும்பை உருக்கினால் எஃகு சரியாக வராது. அடித்தால் வெடிக்கும், இரும்போடு பற்றவைத்தால் பிடிக்காது. நல்ல எஃகு வேண்டுமானால் சுவீடன் நாட்டு டானமோரா இரும்பை அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும். அந்தத் தாதுவில் இயற்கையாகவே கொஞ்சம் மாங்கனீசு என்ற உலோகம் உண்டு. ஹீத் இதற்கு வழி கண்டார். மாங்கனீசையும் கரியையும் முதலில் சேர்த்து உருக்கி ஒரு கட்டியாக்கி, அதில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை எஃகு மூசையில் போட்டார். எஃகுக்குள் தங்கிவிட்ட பிராணவாயுவை மாங்கனீசு பிடித்து வெளியே தள்ளிவிடும், கந்தகத்தின் தீமையையும் அடக்கிவிடும். சாதாரண இரும்பிலிருந்தே நல்ல எஃகு வந்தது. அடிக்கவும் வளைந்தது, பற்றவும் வைத்தது. மேசைக் கத்தி செய்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். எஃகின் விலையே மளமளவென்று இறங்கியது. 1839 ஏப்ரலில் ஹீத் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

அந்த 1839-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்திய இரும்பும் எஃகும் பற்றி ஹீத் எழுதிய கட்டுரை, லண்டன் ராயல் ஆசியச் சங்கத்தின் இதழில் வெளியானதும் அதே ஆண்டுதான். ஆவாரங்கட்டை, எருக்கிலை, இரண்டரை மணி நேரம், எல்லாம் அதில் இருக்கிறது. சேலத்துக் கொல்லனின் கைப்பக்குவத்தை உலகம் முழுவதும் இலவசமாகப் படித்துக்கொள்ள அச்சில் கொடுத்த ஆண்டிலேயே, தம் சொந்தக் கைப்பக்குவத்தை முத்திரைப் பத்திரத்தில் வைத்துப் பூட்டினார். ஹீத்தை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. மற்றத் துரைமார்கள் நம் கொல்லனைக் காட்டுமிராண்டி என்று ஒதுக்கியபோது, அவனிடம் அறிவு இருக்கிறது என்று எழுதியவர் அவர். எழுதாமல் போயிருந்தால் இன்று இத்தனை விவரம் நமக்கே கிடைத்திராது. ஆனால் அந்தக் கொல்லனுக்கும் ஒரு பத்திரம் வேண்டுமே என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் யாருக்குமே தோன்றவில்லை.

பூட்டிய பெட்டி பத்திரமாக இருந்ததா? அதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

ஹீத்துக்கு ஷெப்பீல்டில் அன்வின் என்று ஒரு ஏஜெண்டு இருந்தார். நம்பிக்கையான ஆள் என்று ஹீத் நினைத்தார். மாங்கனீசுக் கட்டியை முதலில் தனியாகச் செய்வது வீண் செலவு என்று ஹீத்துக்கே பிறகு தெரிந்தது. விலை மலிவான கறுப்பு மாங்கனீசுப் பொடியையும் கொஞ்சம் தாரையும் எஃகோடு நேராக மூசையில் போட்டுவிட்டால், வேண்டியது உள்ளேயே நடந்துவிடுகிறது. இதை அவர் அன்வினிடம் மனம்விட்டுச் சொன்னார். அன்வின் வீட்டுக்குப் போய்க் காப்புரிமைப் பத்திரத்தை எடுத்துப் படித்தார் போலிருக்கிறது. அதில் மாங்கனீசுக் கட்டி என்றுதான் எழுதியிருந்தது, பொடியும் தாரும் என்று ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவுதான். உறவை முறித்துக்கொண்டு, பொடியையும் தாரையும் போட்டுத் தாமே எஃகு வியாபாரம் செய்ய ஆரம்பித்தார். ஹீத்துக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. அவரைப் பார்த்து மற்ற எஃகு முதலாளிகளும் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. எல்லாவற்றையும் ஒரே மூசையில் போட்டு வாயை அடைத்துவிடு, வேண்டியது உள்ளே தானே நடக்கும் என்பதுதானே சேலத்துக் கொல்லனின் முறை? கரியைத் தனியாகச் செய்து எடை போட்டு அவன் சேர்க்கவில்லை, கட்டையையும் இலையையும் போட்டான். அதைப் பக்கத்தில் நின்று பார்த்து, வியந்து, ஒரு கட்டுரையே எழுதியவர் ஹீத். தம்முடைய பத்திரத்தை எழுதும்போது மட்டும் அதை மறந்துவிட்டார். மறக்காமல் ஒரு வரி சேர்த்திருந்தால் அன்வினுக்கு வழியே கிடைத்திருக்காது.

ஹீத் வழக்குப் போட்டார். 1840-களில் தொடங்கிய வழக்கு கோர்ட்டு மாறிக் கோர்ட்டு ஏறியது. ஒரு கோர்ட்டில் இப்படித் தீர்ப்பு, இன்னொன்றில் அப்படித் தீர்ப்பு. வாதம் என்னவென்றால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். பொடியும் தாரும் மூசைக்குள் சூடாகும்போது முதலில் அந்த மாங்கனீசுக் கட்டியாக மாறி, பிறகுதான் எஃகில் கலக்கிறதா? அப்படியானால் அன்வின் செய்தது ஹீத்தின் முறைதான். கட்டியாகாமலே கலக்கிறதா? அப்படியானால் அது வேறு முறை. மூசை மூடியிருக்கிறது, உள்ளே வெண்ணெருப்பு. யார் பார்த்தார்கள்? ரசாயன நிபுணர்கள் கூண்டில் ஏறி ஆளுக்கு ஒரு சாட்சி சொன்னார்கள். நீதிபதிகளும் இரு பிரிவாகப் பிரிந்து நின்றார்கள்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1851-ல் ஹீத் இறந்துபோனார். சேலத்தில் சம்பாதித்தது பரங்கிப்பேட்டையில் போயிற்று, மிச்சம் வக்கீல்களிடம் போயிற்று. அவருடைய விதவை மனைவி வழக்கை விடாமல் நடத்தினார். 1855-ல் பிரபுக்கள் சபையில் கடைசித் தீர்ப்பு வந்தது. அன்வினுக்குத்தான் வெற்றி. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உனக்கு, எழுதாதது எல்லோருக்கும் என்று ஆகிவிட்டது.

அதற்கு மறு ஆண்டு ஹென்றி பெஸ்ஸமர் என்பவர் உருகிய இரும்புக்குள் காற்றை ஊதி நிமிடக்கணக்கில் எஃகு செய்யும் முறையை அறிவித்தார். முதலில் வந்த எஃகு வெடித்து வெடித்துப் போயிற்று. அதை ராபர்ட் மஷெட் மாங்கனீசு சேர்த்துச் சரிப்படுத்தினார். நான் மேலே சொன்ன மஷெட்டின் மகன்தான் இவர். 1859-ல் கட்ட வேண்டிய முத்திரைக் கட்டணம் கட்டாமல் விட்டதால் இவருடைய காப்புரிமையும் செத்துப்போயிற்று. அந்த மாங்கனீசுக்கு ஏதோ தோஷம் போலும்! நம் வீட்டுக் கூரைக்கம்பி முதல் எல்.ஆர்.டி. ரயில் தண்டவாளம் வரை இன்றைக்குச் சாதாரண எஃகு எதை எடுத்தாலும் அதில் கொஞ்சம் மாங்கனீசு இருக்கும்.

பரங்கிப்பேட்டை ஆலை ஹீத் போன பிறகும் தட்டுத்தடுமாறி நடந்தது. 1853-ல் ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி என்று புதுப்பெயரில் கை மாறிற்று. 1860-களில் உலைகள் அணைந்தன, 1874-ல் கம்பெனியும் கலைந்தது. மலையடிவாரத்துக் கொல்லர்களின் உலைகளும் அதே நூற்றாண்டில் ஒவ்வொன்றாக அணைந்தன. சீமை இரும்பு கப்பல் கப்பலாக மலிந்து வந்தது. காட்டுச் சட்டம் வந்து கரிக்கு மரம் வெட்ட முடியாமல் போயிற்று. வழக்கு ஏடுகளில் ஹீத் பெயர் இருக்கிறது, அன்வின் பெயரும் இருக்கிறது. மூசையை மூடக் கற்றுக்காட்டிய கொல்லரின் பெயர் அந்த வழக்கில் யாருக்கும் தேவைப்படவில்லை. உலை அணைந்த பிறகு அந்தக் குடும்பங்கள் கூலி வேலைக்குப் போயிருக்கும். சேலத்திலிருந்தும் ஆர்க்காட்டிலிருந்தும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்களில் துருத்தி பிடித்த கைகளும் சில இருந்திருக்கலாம் என்று எனக்கு எண்ணம்.

கஞ்சமலை அடிவாரத்தில் 1980-களின் தொடக்கத்தில் இந்திய அரசின் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் செய்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு யாத்திரை போகிற பெற்றோர்கள் சிதம்பரத்தில் நடராசரைத் தரிசித்துவிட்டு, பக்கத்தில்தான் இருக்கிறது பரங்கிப்பேட்டை, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சேலம் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகள் கையில் ஒரு காந்தத்தைக் கொடுத்துக் கூட்டிப்போங்கள். கஞ்சமலை மண்ணில் அதை வைத்துப் பார்க்கட்டும்.